இரண்டாம் கட்டுக்கு எட்டாத அலை

"தம்பி, அவன் மொகம் கல்லா நின்னுபோச்சு" என்றார் ஆச்சி. சென்ற ஐப்பசியில் ஒரு மழை இரவு. கைபேசியை இரு கைகளாலும் ஏந்தியபடி முகப்புக்கு வந்து நின்றார். திரையில் அவருடைய மகன் பாதி திறந்த வாயுடன் உறைந்திருந்தார். பினாங்கில் இருக்கும் அவருக்கும் தம் தாயின் முகம் அவ்வாறே உறைந்துதான் தெரிந்திருக்கும்.

திருப்பத்தூரை அடுத்த நகரத்தார் ஊர் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முன்பகுதியில் நான் குடியிருக்கிறேன். எட்டு ஆண்டுகளாகிவிட்டன. கல்லூரிக்குப் பேருந்து வசதி உண்டு, வாடகையும் சொற்பம். வீட்டுக்கு உரிமையுள்ள புள்ளிகள் ஏழு. அவர்களில் ஆறு பேர் சென்னையிலும் கோவையிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். எஞ்சியிருப்பவர் ஆச்சி ஒருவரே. எண்பதைக் கடந்தவர். முழங்கால் வலி வந்த பிறகு அடுப்படிக்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று இரண்டாம் கட்டிலுள்ள ஓர் அறைக்கு மாறிவிட்டார்.

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். தெருவைப் பார்த்துத் திண்ணையும் முகப்பும். அதைக் கடந்தால் வானம் திறந்த முற்றத்தைச் சுற்றி வளவு. அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அதன் பின் அடுப்படி, கடைசியில் பின்வாசல். நிலைகள் எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கும். கதவுகள் திறந்திருந்தால் தெருவில் நிற்பவருக்குப் பின்வாசலின் வெளிச்சம் தெரியும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இரண்டடிக் கனத்தில் எழுந்தவை. சித்திரை வெயிலையே உள்ளே விடாத சுவர்கள் அவை.

அந்தச் சுவர்களுக்கு முன்னால்தான் எங்கள் மோடம் இருந்தது. 2020-இல் கல்லூரி மூடப்பட்டு வகுப்புகள் இணையத்துக்குப் போனபோது நான் இணைப்பு வாங்கினேன். ஒளியிழைக் கம்பி தெருக்கம்பத்திலிருந்து முகப்புக்கு வந்தது. கம்பி நுழைந்த இடத்திலேயே ஆணி அடித்துப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனார்கள். கலைச்சொல் அகராதிகள் 'திசைவி' என்று ஒரு நல்ல சொல்லைத் தந்திருக்கின்றன. ஆனால் தமிழ் கற்பிக்கும் நானும் வீட்டில் அதை மோடம் என்றுதான் சொல்கிறேன். ஆச்சிக்கு அது 'பொட்டி'. கடவுச்சொல்லை ஆச்சியின் கைபேசியிலும் இட்டுக் கொடுத்தேன். ஒவ்வொரு மாதமும் பாதிக் கட்டணத்தைத் தாளில் மடித்துத் தந்துவிடுவார். வேண்டாம் என்றால் அன்று பேச மாட்டார்.

அந்த மழை இரவுக்கு இரண்டு நாள் கழித்து மகன் என்னை அழைத்தார். "சார், மூணு நாள்ல ரெண்டு நாள் லைன் கிடைக்கல. ஆத்தாவுக்கு ஏதாச்சும் ஆனா எனக்கு எப்படித் தெரியும்? தையில வர்றேன். சென்னையில ஒரு முதியோர் குடியிருப்பு பார்த்திருக்கோம்." குரலில் கோபம் இல்லை, களைப்பு இருந்தது. அந்த உரையாடலை ஆச்சி எப்படியோ அறிந்திருந்தார். மறுநாள் காலை என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் பொட்டியச் சரிபண்ண முடியுமா தம்பி?"

இலக்கணத்தில் ஐயம் என்றால் விடை சொல்லியிருப்பேன். இது எனக்கு அயல் துறை. ஆனால் கேட்டவர் ஆச்சி. இந்த வீட்டில் தொடர்ந்து இருப்பதற்கான உரிமையை அவர் என்னிடம் கேட்பதாகவே எனக்குப் பட்டது.

*

முதலில் எல்லோரும் செய்யும் பிழையை நானும் செய்தேன். இணைப்புத் தந்தவர்களை அழைத்தேன். வேகம் கூடிய திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள், மாறினேன். மாதம் இருநூறு ரூபாய் கூடியது. முகப்பில் என் மடிக்கணினியில் எண்கள் இரட்டிப்பாயின. இரண்டாம் கட்டில் ஆச்சியின் மகன் முன்போலவே உறைந்தார். தெருக்குழாயில் தண்ணீர் பெருக்கெடுத்தாலும், அடுப்படிக்குப் போகும் குழாய் அடைத்துக் கிடந்தால் தவலை நிறையாது. குறை தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருந்தது. இந்த எளிய உண்மை விளங்க எனக்கு ஒரு மாதக் கட்டணம் செலவாயிற்று.

பிறகுதான் அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. இயற்பியல் துறை நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு செயலியை நிறுவித் தந்தார். அது அலையின் வலிமையை எதிர்மறை எண்ணாகக் காட்டும், அலகு டிபிஎம். பெட்டிக்கு அருகே கழித்தல் 35. கழித்தல் 65 வரை இருந்தால் முகம் பார்த்துத் தடையின்றிப் பேசலாம். 80-ஐ எட்டினால் அநேகமாக ஒன்றும் நடக்காது. இந்த அளவுகோலின் நுட்பத்தை நண்பர் விளக்கியபோதுதான் சிக்கலின் அளவு புரிந்தது. பத்து எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. முப்பது குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கையில் ஒரு குறிப்பேட்டுடன் வீட்டைச் சுற்றினேன். முகப்பில் 38. வளவின் முற்றத்தோரம் 55. இரண்டாம் கட்டின் நிலையருகே 68. ஆச்சியின் அறையில், அவர் கட்டிலின் தலைமாட்டில், 81.

ஆனால் இது பகல் பதினொரு மணிக்கு எடுத்த அளவு. இரவு ஏழரை மணிக்கு மறுபடியும் அளந்தபோது அதே தலைமாட்டில் 87. மகன் அழைக்கும் நேரம் அதுதான். பினாங்கு நம்மைவிட இரண்டரை மணி முன்னால் இருக்கிறது. அவர் இரவு உணவை முடித்துவிட்டு அங்கே பத்து மணிக்கு அழைப்பார். பகலுக்கும் இரவுக்கும் இடையில் என்ன மாறியது என்று குழம்பி நின்றபோது கண்ணெதிரே விடை இருந்தது. விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் ஆச்சி நடுக்கதவுகளைச் சாத்தித் தாழிட்டுவிடுவார். பர்மாத் தேக்கில் இழைத்துப் பித்தளைக் குமிழும் இரும்புப் பட்டையும் பதித்த கதவுகள். பகலில் நிலைகளின் நேர்க்கோட்டில் ஓடிவந்த அலைக்கு இரவில் வழி அடைபட்டுவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாததாயினும் அதுவும் நம்மைப் போல வாசல் வழியாகத்தான் எளிதாக வருகிறது.

"ஏழரை மணிக்குக் கதவைத் திறந்து வச்சுக்குங்க ஆச்சி" என்றேன்.

"வெளக்கு வச்சப்புறம் ஒத்தப் பொம்பள கதவத் தொறந்து போட்டுக்கிட்டா?" என்றார்.

அதற்குமேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

*

சுவரைக் கடக்கும் அலை என்பது இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அதைச் செய்து காட்டினார். அவர் அனுப்பிய அலை இடையிலிருந்த சுவர்களைக் கடந்து சென்று தொலைவில் ஒரு மணியை ஒலிக்கச் செய்தது, வெடிமருந்தைப் பற்றவைத்தது. செட்டிநாட்டின் பெருவீடுகள் எழுந்துகொண்டிருந்த காலமும் ஏறத்தாழ அதுவே. ஒரு பக்கம் அலை சுவரைத் துளைக்கக் கற்றுக்கொண்டிருந்தது, இன்னொரு பக்கம் சுவர்கள் கனத்துக்கொண்டிருந்தன. இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது.

வைஃபை என்ற பெயர் 1999-இல் வந்தது. இந்தியாவில் அந்த அலைவரிசையை வீடுகளும் அலுவலகங்களும் உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம் என்ற விதி 2005-இல் வந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் என்று அழைக்கப்படும் அந்தப் பட்டையை நான் ஊருணி என்று புரிந்துகொண்டேன். யாருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் மொள்ளலாம். ஆகவே நெரிசலும் உண்டு. புளூடூத் கருவிகள் அதே நீரில்தான் இறங்குகின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் ஓடும்போது அதைக் கலக்குகிறது. இந்தப் பட்டையில் அலையின் நீளம் சுமார் பன்னிரண்டு சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒரு சாண் நீட்டிய விரல்களில் பாதிக்குச் சற்று மேல். புதிய பெட்டிகளில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று இன்னொரு பட்டையும் உண்டு. அங்கே அலை ஐந்தாறு சென்டிமீட்டர்தான். இடம் விசாலம், வேகம் அதிகம். ஆனால் சுவர் என்றால் சீக்கிரம் சோர்ந்துவிடும். எங்கள் வீட்டில் அது வளவின் பாதியிலேயே நின்றுபோயிற்று.

பெட்டியின் அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அதிலிருந்த 192.168.1.1 என்ற எண்ணை உலாவியில் இட்டால் பெட்டியின் உள்வீடு திறந்துகொள்கிறது. தொழிற்சாலையில் வைத்த பயனர்பெயரும் கடவுச்சொல்லும் ஐந்து ஆண்டுகளாக மாற்றப்படாமல் இருந்தன. தெருக்கதவுச் சாவியைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு உறங்கியது போலத்தான். முதல் வேலையாக அதை மாற்றினேன். பொத்தானை அழுத்தினால் கருவியை இணைத்துக்கொள்ளும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்தேன். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ 2-இல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். புதிய பெட்டி என்றால் 3 இருக்கும்.

அடுத்தது தடங்கள். 2.4 பட்டையில் நம் நாட்டில் 1 முதல் 13 வரை தடங்கள் உண்டு. ஆனால் அவை ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடப்பவை. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஒவ்வொரு பெட்டியும் பரப்புவதோ 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு. எனவே ஒன்றையொன்று தொடாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. எங்கள் பெட்டி 6-இல் இருந்தது. அகலம் 40 என்று குறிக்கப்பட்டிருந்தது. அகலம் கூடினால் வேகம் கூடும் என்ற ஆசையில் வைத்தது. நெரிசலான தெருவில் அகன்ற வண்டியை ஓட்டும் வேலை அது. 20 ஆக்கினேன்.

தெருவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று செயலி காட்டியபோது திகைத்துப்போனேன். பதினோரு பெயர்கள் தெரிந்தன. எங்கள் தெருவில் அடுப்பெரியும் வீடுகள் நான்குதான். மற்றவை பூட்டிக் கிடப்பவை. பிறகு விளங்கியது. பூட்டிய வீடுகளில் எல்லாம் கண்காணிப்புக் கேமராக்கள். வெளியூரில் இருப்பவர்கள் தங்கள் தூண்களையும் கதவுகளையும் கைபேசியில் பார்த்துக்கொள்வதற்காக ஒவ்வொரு வெற்று வீட்டிலும் ஒரு பெட்டி விழித்திருக்கிறது. அவற்றில் ஆறு, தடம் 6-இல். ஆளில்லாத முற்றங்களின் படத்தை இரவும் பகலும் அனுப்பிக்கொண்டிருந்தன. ஆளிருக்கும் ஒரே அறையிலிருந்து போக வேண்டிய முகம் அந்த வரிசையில் காத்து நின்றது.

ஒரே தடத்தில் இருப்பவர்கள் ஒருவர் பேசும்போது மற்றவர் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும் என்பது இந்தக் கருவிகளின் சபை ஒழுக்கம். முதலில் செவிமடுக்கும், அமைதி இருந்தால்தான் பேசும். நம் கருத்தரங்குகளில் இல்லாத நாகரிகம். நான் 11-க்கு மாறினேன். அங்கே ஒருவர்தான் இருந்தார்.

பெட்டியின் இரு கொம்புகளையும் நிமிர்த்தி வைத்தேன். அலை கொம்பின் நுனியிலிருந்து பாய்வதாக நான் எண்ணியிருந்தேன். அப்படியில்லை. கொம்பைச் சுற்றி உளுந்து வடையின் வடிவில் பரவுகிறது. கொம்பு நடுத்துளையில் நிற்கிறது. ஒரே தளத்தில் நீண்டு கிடக்கும் வீட்டுக்கு வடை தரையில் படுத்திருப்பது போலப் பரவ வேண்டும், அதற்குக் கொம்பு செங்குத்தாக நிற்க வேண்டும். முகப்புச் சுவரில் பெட்டிக்கு நேர் எதிரே பெல்ஜியம் கண்ணாடி ஒன்று ஆளுயரத்துக்கு உண்டு. அதன் பின்னுள்ள உலோகப் பூச்சு அலையைத் திருப்பியடிக்கும் என்று நண்பர் சொன்னதால் பெட்டியை இரண்டு முழம் நகர்த்தினேன். வெளியேற்றும் ஆற்றலை உயர்த்தலாமே என்று கேட்டேன். நண்பர் சிரித்தார். "நீங்க மைக் வச்சுப் பேசலாம், ஆச்சி கேட்பாங்க. ஆச்சி பதில் சொன்னா உங்களுக்குக் கேட்கணுமே?" பெட்டி எவ்வளவு உரக்கப் பேசினாலும் கைபேசியின் குரல் சிறியது. உரையாடல் என்பது இரு தரப்பின் வலிமையில் குறைந்ததைப் பொறுத்தது. இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்குத் தேநீர் வாங்கித் தந்தேன்.

இவ்வளவும் செய்து முடித்தபின் இரவு ஏழரைக்கு, கதவுகள் சாத்திய நிலையில், தலைமாட்டில் 81. ஆறு எண் மேம்பட்டிருந்தது. நெரிசல் குறைந்ததால் குரல் தெளிந்தது. முகம் இன்னும் உறைந்தது. அமைப்புகளை மாற்றி அடையக்கூடியதன் எல்லை அது. மீதமிருந்தது சுவர்.

*

இடையில் ஒரு ரிப்பீட்டர் வைக்கலாம் என்று கடைக்காரர் சொன்னார். கேட்டதைத் திருப்பிச் சொல்லும் கருவி. ஆனால் ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் செய்வதால் வேகத்தில் பாதி அதிலேயே போய்விடும். தானே சரியாகக் கேட்காத இடத்தில் வைத்தால் தப்பும் தவறுமாகத்தான் திருப்பிச் சொல்லும். சரியான வழி கம்பி இழுப்பதுதான். முகப்புப் பெட்டியிலிருந்து ஒரு லேன் கம்பி, அதன் மறுமுனையில் இரண்டாம் கட்டில் இன்னொரு பெட்டி. நூறு மீட்டர் வரை அந்தக் கம்பி தளராது.

"சுவத்துல தொள போடக் கூடாது" என்றார் ஆச்சி. அதில் விவாதம் இல்லை. முட்டை வெண்கரு கலந்து கண்ணாடிபோல இழைத்த பூச்சு அது. ஒரு துளை போட்டால் சுற்றிலும் ஓடு ஓடாக உதிரும். மீண்டும் பூசத் தெரிந்த கொத்தனார் அரிது. நானும் மின்பணியாளரும் நிலைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.

வழி காட்டியவர் ஆச்சிதான். "பழைய போன் கம்பி போன தொள இருக்குமே" என்றார். வளவில் ஒரு நிலைக்கு மேலே, வண்ணம் பூசி மறைந்திருந்த சிறு துளை. தரைவழித் தொலைபேசி வந்த காலத்தில் இரண்டாம் கட்டுக்கு எக்ஸ்டென்ஷன் இழுத்திருக்கிறார்கள். கணவர் பினாங்கிலிருந்து அழைத்தால் முகப்புக்கு ஓடி வருவதற்குள் இணைப்பு அறுந்துவிடும் என்பதற்காக. அதற்கும் முன்னே கடிதங்கள். 1926-இல் கட்டப்பட்ட ரஜூலா என்ற கப்பல் அப்போது சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு என்று ஓடிக்கொண்டிருந்தது. கொண்டுவிக்கப் போனவர்களை அது ஏற்றிச் சென்றது. "ரசூலா வந்துருச்சான்னுதான் கேப்போம்" என்றார் ஆச்சி. இந்த வீட்டில் இரண்டாம் கட்டுக்குச் செய்தி எட்டுவது எப்போதும் ஒரு பிரச்சினையாகவே இருந்திருக்கிறது என்பதும், ஒவ்வொரு தலைமுறையும் அதற்கு ஒரு துளையைத் தேடியிருக்கிறது என்பதும் அப்போது விளங்கின.

பழைய துளை வழியே புதிய கம்பி சென்றது. பரணில் கிடந்த என் பழைய பெட்டியை அங்கே வைத்தோம். அதன் எண்ணை 192.168.1.2 ஆக்கினேன். வீட்டுக் கருவிகளுக்கு எண் வழங்கும் டிஹெச்சிபி அதிகாரத்தை அதனிடமிருந்து நீக்கினேன். ஒரு வீட்டில் அந்த அதிகாரம் ஒரு பெட்டியிடம்தான் இருக்க வேண்டும். தடத்தை 1-இல் வைத்தேன், முகப்புப் பெட்டி 11-இல் இருக்க இரண்டும் மோதாது. நகரத்தார் வழக்கத்தில் 'வேறு வைத்தல்' என்று ஒன்று உண்டு. மணமான மகனுக்கு அதே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிக் கணக்கு. "பொட்டியையும் வேறு வச்சாச்சா?" என்று கேட்டு ஆச்சி சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

தலைமாட்டில் 44.

அன்றிரவு அழைப்பு வந்தபோது நான் அறையின் நிலையருகே நின்றேன். மகனின் முகம் அசைந்தது, சிரித்தது. ஒரு நொடி கழித்து அந்த முகம் மாறியது.

"ஆத்தா, கையில என்ன வீக்கம்?"

ஆச்சி முந்தானையை இழுத்து மணிக்கட்டை மறைத்தார். பத்து நாளுக்கு முன் பின்வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். என்னிடமும் சொல்லவில்லை. உறைந்த படத்தில் யாருக்கும் தெரியவில்லை. இப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது. அலையைச் சீராக்கி அவரை இந்த வீட்டில் தக்கவைக்க முயன்றேன். அவரை வெளியேற்றுவதற்கான காரணத்தையே துலக்கிக் காட்டிவிட்டேனோ என்று அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. பூங்குன்றனார் பிறந்த ஊர் என்று கருதப்படும் மகிபாலன்பட்டி இங்கிருந்து தொலைவில் இல்லை. எல்லா ஊரும் ஒன்றே என்ற அவர் கருத்தை முப்பது பருவங்களாவது வகுப்பில் விளக்கியிருப்பேன். எண்பது வயதில் ஊர் மாறச் சொன்னால் என்ன ஆகும் என்று எந்த மாணவரும் என்னைக் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

மறுநாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். எலும்பு முறிவு இல்லை, பிசகுதான். மகனிடம் நானே பேசினேன். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். "பார்க்க முடிஞ்சதால கொஞ்சம் பயமா இருக்கு சார். ஆனா பார்க்க முடியுதே" என்றார். பிறகு ஓர் ஏற்பாடு ஆயிற்று. ஆச்சிக்குத் தெரிந்த ஒரு பெண்மணி இரவில் துணைக்குப் படுத்துக்கொள்வார். பின்வாசலில் கைப்பிடி போடப்படும். மகன் தையில் வந்து சேர்ந்திருந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பார். அந்த முடிவு எப்படியும் இருக்கலாம். அது பெட்டியின் கையிலோ என் கையிலோ இல்லை.

வேகம் கூடிய திட்டத்தைப் பழையபடி குறைத்துவிட்டேன். அது எங்களுக்குத் தேவைப்படவே இல்லை.

ஒரு மாற்றம் மட்டும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அலை கிடைக்காமல் ஆச்சி முகப்புக்கு வந்து, என் மேசைக்கு அருகில் நின்றுதான் பேசுவார். பேரனின் படிப்பு, மருமகளோடு ஒரு பழைய மனத்தாங்கல், முழங்கால் வலி எல்லாம் என் காதில் விழும். நான் விடைத்தாள் திருத்துவதாகப் பாவனை செய்வேன். அவரும் பாதியை விழுங்கிவிட்டுப் பேசுவார். இப்போது ஏழரை மணிக்கு நடுக்கதவு சாத்தப்படும் ஓசை கேட்கிறது, தாழ் விழுகிறது. அதன்பிறகு தாயும் மகனும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.